பெருநாள் முடியும்வரை உடம்பு காத்திருக்காது

பெருநாள் காலத்து ஓட்டத்துக்கு நடுவே நம்மை நாமே எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இந்தப் பொருளில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலோடு வருவார்கள். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள், இனிப்பில் கவனமாக இருங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள் என்பார்கள். அதில் தவறான அறிவுரை எதுவும் கிடையாது. கேட்டவர்களும் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய் வழமைபோலவே நடந்துகொள்வார்கள். சீனி வருத்தக்காரருக்கு வட்டிலாப்பம் ஆகாது என்று தெரியாதவர் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை யாரும் இருக்க மாட்டார். தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற ஒரு வசனத்தில் அதற்கான விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்: "பெருநாள் முடியட்டும், பார்ப்போம்." கிளினிக் தவணைக்கும் அதுதான் பதில், காலில் வந்த புண்ணுக்கும் அதுதான், இரண்டு நாளாக இருக்கும் நெஞ்சு இறுக்கத்துக்கும் அதுதான். பெருநாள் காலத்தில் நம் உடம்புக்கு வரும் கேட்டில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதல்ல, இந்தத் தள்ளிப்போடலிலிருந்து வருவது என்பதே என் வாதம். ஆகவே உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றால் புதிதாக எதையாவது செய்யத் தொடங்குவது என்று நான் கருதவில்லை. அன்றாடம் செய்துவந்ததைப் பெருநாளைச் சொல்லி நிறுத்தாமல் இருந்தாலே போதும்.

முதலில், இந்தப் புத்தளக் கரையில் பெருநாள் எப்போது முடிகிறது என்று பார்ப்போம். தை பிறந்தால் பொங்கல். இப்போதைய ஆண்டுகளில் பெப்ரவரியும் மார்ச்சும் நோன்புக் காலம்; அது முடியும்போது நோன்புப் பெருநாள். அதே மார்ச்சில் தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தின் முதல் திருவிழா. தவக்காலத்தையும் உயிர்த்த ஞாயிறையும் ஒட்டி ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு. மேயில் வெசாக், அதை ஒட்டி ஹஜ்ஜுப் பெருநாள். ஆடி ஆவணியில் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும். ஓகஸ்ட் தொடக்கத்தில் தலவிலின் பெரிய திருவிழா. நாட்டின் நாலாபுறமிருந்தும் சனம் வந்து ஆலய வளவிலும் மரநிழலிலும் நாட்கணக்காகத் தங்கும். முன்னேஸ்வரத் திருவிழா ஏறக்குறைய நான்கு வாரம் நடந்து தெதுறு ஓயாவில் தீர்த்தத்தோடு நிறைவுறும். சோழகக் காற்றுக்குக் கிழக்குக் கரை வாடிகளுக்குப் போன மீனவர்கள் ஒக்டோபரில் திரும்புவார்கள். மேற்குக் கரையில் கடல் அமர்ந்து தொழில் சூடுபிடிக்கும் அந்தப் பருவத்தின் உச்சியில் நத்தார் வந்துவிடும். முடியட்டும் என்றால் எந்த மாதத்தில் முடியட்டும்?

ஒரே குடும்பம் இவை எல்லாவற்றையும் கொண்டாடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் கொண்டாடுவதும் உழைப்பதும் வெவ்வேறு விடயங்கள். புத்தளம் நகரத்துத் தையல்காரர் நோன்புப் பெருநாளுக்கும் தைக்கிறார், சித்திரைக்கும் தைக்கிறார், நத்தாருக்கும் தைக்கிறார். பேக்கரிக்காரர், முச்சக்கர வண்டிக்காரர், கோழிக் கடைக்காரர், மாம்புரியிலும் நுரைச்சோலையிலும் மரக்கறி பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவர், இவர்களுக்கெல்லாம் மற்றவர்களின் பெருநாள்தான் ஆண்டின் கடுமையான வேலைநாள். நான்கு சமயத்தார் நெருங்கி வாழும் கரை இது. பக்கத்து வீட்டுப் பலகாரத் தட்டு ஆண்டு முழுவதும் வேலிக்கு மேலாக வந்துகொண்டே இருக்கும். அது இந்த மண்ணின் பேறு. அதைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். பெருநாளுக்குப் பிறகு என்று தனியாக ஒரு காலம் நமக்குக் கிடையாது என்பதை மட்டும் சொல்கிறேன். உடம்பைப் பார்க்க வேண்டியிருந்தால் பெருநாளுக்குள்ளேயே பார்க்க வேண்டும்.

தள்ளிப்போடல் உயிருக்கே ஆபத்து என்பதற்கு வெளியுலகிலிருந்து சில சான்றுகளைக் காட்டுகிறேன். அமெரிக்காவில் 1973 முதல் 2001 வரையான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டின் வேறெந்தக் காலத்தையும்விட நத்தாரையும் புத்தாண்டையும் ஒட்டிய நாட்களில் இதயநோய் இறப்புகள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. குளிர்காலம் என்பதால் அப்படி என்று பலரும் நினைத்தார்கள். நியூசிலாந்தில் டிசெம்பர் கோடைகாலம். அங்கே 1988 முதல் 2013 வரையான பதிவுகளைப் பார்த்தபோதும், நத்தாரிலிருந்து இரண்டு வாரத்துக்கு, வைத்தியசாலைக்கு வெளியே நிகழும் இதயநோய் இறப்புகள் எதிர்பார்த்ததைவிட 4 விழுக்காட்டளவு கூடியிருந்தன. குளிரைக் குற்றம் சொல்ல வழியில்லை. சுவீடனில் 16 ஆண்டுகளில் பதிவான 2,83,000க்கும் மேற்பட்ட மாரடைப்புகளை நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். நத்தாருக்கு முந்திய நாளில் மாரடைப்பு வரும் அபாயம் 37 விழுக்காடு உயர்ந்திருந்தது. இரவு 10 மணியளவில் அது உச்சத்தைத் தொட்டது. 75 வயதைக் கடந்தவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

காரணம் இதுதான் என்று ஒரே விரலை நீட்ட எந்த ஆய்வாளராலும் முடியவில்லை. மனஅழுத்தம், அதிக உணவு, மது, விடுமுறையில் வைத்தியசாலை ஆளணி குறைதல் எனப் பலவற்றைச் சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் முன்னிருந்த விளக்கங்களைச் சோதித்துக் கழித்தபோது எஞ்சி நின்றவற்றில் ஒன்று, நோய்க்குறி தெரிந்தும் மக்கள் வைத்தியசாலைக்குப் போவதைத் தாமதிக்கிறார்கள் என்பது. நியூசிலாந்தில் வைத்தியசாலைக்கு வெளியே நேர்ந்த இறப்புகள் கூடியதும் இதனோடு பொருந்துகிறது. இந்த விளக்கத்தை நான் நம்புவதற்கு நம் வீடுகளே காரணம். நத்தார் இரவில் திருப்பலிக்குப் புறப்படும் நேரத்தில் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு கனக்கிறது என்று வையுங்கள். அவர் அதை வாயு என்பார். யாரோ இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பார்கள். கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கும் இரவில் எல்லோரையும் கலக்கப்படுத்த அவருக்கு மனம் வராது. அந்தத் தயக்கத்தின் பின்னால் இருப்பது பாசம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாரடைப்பில் அடைபட்ட இரத்தக்குழாய்க்கு முன்னால் இப்படிக் கழியும் மணித்தியாலங்கள் மிகப் பெரியவை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் காசில்லாமல் வரும். நெஞ்சு இறுக்கமோ, ஒரு பக்கக் கை கால் சோர்வோ, வாய் கோணலோ தெரிந்தால் நேரம் பாராமல் அழைக்கும் வீட்டில் பெருநாள் கெட்டுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

உயிருக்கு ஆபத்தில்லாத சிறிய விடயத்திலும் இதே போக்கைக் காணலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வந்த ஆய்வில் 195 பேரின் நிறையைத் தொடர்ந்து பல மாதங்கள் அளந்தார்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரையான பண்டிகை வாரங்களில் அவர்களுக்குக் கூடிய நிறை சராசரியாக 370 கிராம் மட்டுமே. கேட்டுப் பார்த்தபோது, அதைவிடப் பல மடங்கு கூடியிருக்கும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். நல்ல செய்திபோலத் தெரியும். ஆனால் அந்த 370 கிராம் அடுத்து வந்த மாதங்களில் இறங்கவேயில்லை. பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்ற அந்தப் பிறகு அவர்களுக்கும் வரவில்லை. பண்டிகை நாளின் ஒரு கண்டம் கேக்கைப் பற்றிக் குற்ற உணர்ச்சியைத் தூண்டும் பேச்சுக்களை நான் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாள் விருந்து சேர்ப்பது கொஞ்சம்தான். விருந்துக்குப் பிந்திய நாட்களில் பழைய ஒழுங்குக்குத் திரும்பாதபோது அந்தக் கொஞ்சம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது.

இனி புத்தளம் மாவட்டத்தின் மிகப் பெரிய விடயத்துக்கு வருகிறேன்: நோன்பும் சீனி வருத்தமும். 2005, 2006 ஆண்டுகளில் நாட்டின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரில் 10.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதையும், அதற்கு முந்திய நிலையில் உள்ளவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்பதையும் காட்டியது. நீரிழிவு கண்டறியப்பட்டவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் அதுவரை தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். நோன்பைப் பொறுத்தவரை, 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நீரிழிவாளர்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட எபிடியார் ஆய்வு இன்றும் மேற்கோளாக நிற்கிறது. நம்மிடையே பரவலாக உள்ள இரண்டாம் வகை நீரிழிவாளர்களில் 79 விழுக்காட்டினர் ரமழானில் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்தார்கள். இரத்தத்தில் சீனி கடுமையாக இறங்கி வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டிவரும் நிலை அவர்களிடையே மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு கூடியது. சீனி மிதமிஞ்சி ஏறுவதும் கூடியது. நம் நாட்டில் பகல் பெரிதாக நீள்வதோ சுருங்குவதோ இல்லை. எந்த மாதத்தில் வந்தாலும் நோன்பு 13 மணித்தியாலமளவோ அதற்கு மேலோ நீடிக்கும். இப்போது அது வந்து விழுவது புத்தளத்தின் வறண்ட மாதங்களில், உப்பளங்களில் உப்பு விளையும் வெயிலில். பாலாவிப் பக்கம் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவருக்கும், நிழலில் இருந்து கணக்கு எழுதுகிறவருக்கும் அதே நோன்பு ஒரே பாரமாக இருக்காது.

ஆகவே சீனி வருத்தக்காரர் நோன்பு பிடிக்கக் கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. பலரால் பாதுகாப்பாகப் பிடிக்க முடியும் என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவும் ரமழானும் பற்றிய சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து 2016இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டி, ரமழானுக்கு ஆறு தொடக்கம் எட்டு வாரத்துக்கு முன்பே வைத்தியரைப் பார்க்கச் சொல்கிறது. மெட்போமின் மட்டும் எடுக்கிறவருக்கு அபாயம் குறைவு. கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு வேளையையும் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். அதை வைத்தியர்தான் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்த அளவு தனக்கும் சரிவரும் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இரத்தச் சீனி அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ அந்த நேரத்திலேயே நோன்பை விட்டுவிட வேண்டும். கை நடுக்கம், குளிர் வியர்வை, தலைச்சுற்று வந்தால் அளக்கும் கருவி இல்லையென்றாலும் விட்டுவிட வேண்டும். நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம்தானே என்று தாங்கிக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து அதிகம். நான் சொல்லும் தள்ளிப்போடல் இதைவிடக் குறுகிய வடிவில் எங்கும் வராது. சஹர் என்னும் விடியற்காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டோடு படுத்துவிடுவதும் தள்ளிப்போடல்தான்; அடுத்த நாள் பகலின் கடனை அது இன்னும் பெருக்குகிறது. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் போதும் என்று ஒரு கால் மணித்தியாலம் நிறுத்தி, தொழுதுவிட்டு வந்து மற்றதைத் தொட்டால், ரோல்ஸும் சமோசாவும் தாமாகவே குறைந்துவிடும். அதற்குப் பிறகு தராவீஹ் என்னும் இரவுத் தொழுகைக்கும் சஹருக்கும் இடையே ஒரு போத்தல் தண்ணீரைக் கண்ணில் படும் இடத்தில் வைத்து மெல்ல மெல்லக் குடித்து முடிப்பது, வெயிலில் வேலை செய்கிறவர் விடவே கூடாத பழக்கம்.

மருந்து, தண்ணீர் என்று பேசிவிட்டுத் தூக்கத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தூக்கத்தைப் பற்றிப் பேசினால் அடுப்படியில் நிற்கிறவரைப் பற்றித்தான் பேச வேண்டும். ரமழானில் ஒரு வீட்டுத் தாயின் இரவை எடுத்துப் பாருங்கள். நோன்பு திறந்த பாத்திரங்களைக் கழுவி முடிய ஏழரை. பிறகு இரவுச் சாப்பாடு. தராவீஹுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் ஒரு தேநீர். சட்டி பானையைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பாயில் சரியும்போது பதினொன்று தாண்டிவிடும். மூன்றரைக்கு எழுந்து சோறு வடிக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கையில், நின்றபடியே நாலு கவளம் வாயில் போட்டு அவசரமாகத் தண்ணீர் குடிப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் தன் குளிசையை நினைவில் வைத்திருப்பாரா? நத்தாருக்கு முந்திய வாரத்தில் பலகாரம் சுடும் கத்தோலிக்க வீட்டிலும், சித்திரைக்கு முதல் நாள் இரவு அடுப்பில் எண்ணெய்ச் சட்டியோடு நிற்கும் வீட்டிலும் இதே கணக்குத்தான். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான முடிவு. நான்கு மணித்தியாலத் தூக்கத்தோடு ஒரு மாதத்தைத் தள்ளுகிறவரின் பிரஷரும் சீனியும் சரியாக இருக்க வாய்ப்பில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் முதல் தடவையாக நாடளாவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களைவிட மிக அதிகம் என்பதை அது எண்ணில் காட்டியது. பெருநாள் வரும்போது அந்த வித்தியாசம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

இதை அவர்கள் விரும்பித்தானே செய்கிறார்கள், பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்ப்பதில்தானே அவர்களுக்குச் சந்தோசம் என்பார்கள். உண்மைதான், அந்தச் சந்தோசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் விரும்பிச் செய்கிறார் என்பதால் அவருக்குக் களைப்பு வராமல் போகாது. அவர் கேட்கவில்லை என்பதற்காக மற்றவர்கள் உட்கார்ந்திருக்கவும் முடியாது. தன்னைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் என்று இன்றைக்குப் பேசப்படுவதெல்லாம் ஒருவர் தனக்காகத் தனியே செய்துகொள்வது போலத்தான் விளக்கப்படுகிறது. நம் வீடுகளில் ஒருவர் தூங்க வேண்டுமென்றால் இன்னொருவர் எழுந்திருக்க வேண்டும். வளர்ந்த மகன் சஹருக்கு முதலில் எழுந்து அடுப்பை மூட்டினால் உம்மாவுக்கு அரை மணித்தியாலம் கூடுதலாகத் தூக்கம் கிடைக்கும். நோன்பு திறந்த பாத்திரங்களை ஆண்கள் கழுவிவிட்டுத் தராவீஹுக்குப் போகலாம். பகலில் லுஹர் தொழுகைக்குப் பின் கொஞ்சம் கண்ணயர்வது நபிவழியில் உள்ள பழக்கம். அந்த நேரத்தில் கடையிலிருந்து வந்து ஆண்கள் படுப்பதுபோல, அடுப்படிக்காரரும் படுக்கட்டும். அன்றைக்குக் கட்லட் இல்லாவிட்டால் வீடு இடிந்துவிடாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெருநாள் என்பதும் நோன்பு என்பதும் தன்னை மறப்பதற்காக வந்தவை. அந்த நாட்களில் உடம்பை நினைப்பது தன்னலம் என்பது அது. தீமிதிப்புக்கு விரதமிருக்கும் உடப்புக்காரரும், வெயிலில் தலவிலுக்கு நடக்கும் யாத்திரிகரும், நோன்பாளியும் ஒருமித்துச் சொல்லக்கூடிய மறுப்பு. இதற்குப் பதில் சமயங்களிடமே இருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை விட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளும் சலுகையைக் குர்ஆனே கொடுத்திருக்கிறது. உடம்புக்குக் கேடு வரும் நிலையிலும் அந்தச் சலுகையை மறுப்பது கூடுதல் பக்தி ஆகாது. நபித்தோழர் அபூதர்தா பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, அவருடைய வீட்டுக்கு வந்த இன்னொரு தோழர் ஸல்மான் அவரைச் சாப்பிடவைத்து, முன்னிரவில் தூங்கவும் வைத்தார். இறைவனுக்கும் உடம்புக்கும் குடும்பத்துக்கும் உரியதை அவரவருக்குக் கொடுக்கச் சொன்னார். ஸல்மான் சொன்னது சரி என்று நபிகளார் உறுதிப்படுத்திய செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் உபவாசக் கடமையை 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும்வரை என்று வரையறுத்து, முதியவர்களை விலக்குகிறது; நோயாளிகளை அது வற்புறுத்துவதில்லை. சமயங்களின் விதிகளே இத்தனை இரக்கத்தோடு இருக்கும்போது, நம் வீட்டு முதியவரிடம் நாம் மட்டும் ஏன் கடுமையை எதிர்பார்க்க வேண்டும்? தன் உடம்பைக் கவனிக்காமல் விட்டவர் அடுத்த மாதம் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தால், அவரைப் பார்க்கும் பாரம் அதே குடும்பத்தின் மேல்தான் விழுகிறது. அதில் யாருக்கும் தியாகத்தின் பலன் கிடைப்பதில்லை.

இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டுக்கு ஓய்வு ஏது என்ற கேள்விக்கு நான் முழுமையான பதில் வைத்திருக்கவில்லை. நத்தார்க் காலம் மேற்குக் கரையில் மீன்படும் காலம். இரவுக் கடலை விட்டால் பிள்ளைகளின் புத்தாடை இல்லை. ஆனாலும் நான் வலியுறுத்துகிற மூன்றில், அதாவது மருந்து, தண்ணீர், தூக்கம் ஆகியவற்றில், மருந்து அரச கிளினிக்கில் இலவசம். ஏழைக்கு எட்டாதது என்று அதைச் சொல்ல முடியாது; விடுமுறையில் முடிந்துபோவதுதான் சிக்கல். கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த தவணை பெருநாளிலோ பொது விடுமுறையிலோ விழுகிறதா என்று ஒரு மாதம் முன்பே பார்த்து, தாதியிடம் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளலாம். படகில் போகிறவர் குளிசையைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் விடயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்குள், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீர்தான் அங்குள்ள கிணறுகளுக்கு ஆதாரம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரத்தின் நைத்திரேற்று அந்த நீரில் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்குள்ள தாயிடம் போய் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நேர்மையாகாது. நல்ல குழாய்நீர் கிடைக்கச் செய்வது பிரதேச சபைக்கும் அரசுக்கும் உரிய கடமை. தனிமனிதப் பழக்கங்களைப் பற்றிய பேச்சு அந்தக் கடமையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

மதுவைப் பற்றியும் ஒரு சொல். கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நத்தாரும் சாராயமும் பிரியாதவைபோல் ஆகிவிட்டதை அந்த ஊர்களின் பங்குத்தந்தையர்களே கவலையோடு பேசுகிறார்கள். 1978இல் அமெரிக்க மருத்துவர் எட்டிங்கரும் அவருடைய குழுவினரும், விடுமுறையிலும் வார இறுதியிலும் அதிகம் குடித்துவிட்டு இதயத் துடிப்பு தாறுமாறாகி வைத்தியசாலைக்கு வந்தவர்களை ஆராய்ந்து, அந்த நிலைக்கு விடுமுறை இதயம் என்று பெயரிட்டார்கள். வேறு இதயநோய் தெரியாதவர்களுக்கும் அது வந்தது. இரவு குடித்துவிட்டு விடிய முன் கடலில் படகு இறக்குகிறவருக்கு அந்தத் துடிப்பு நடுக்கடலில் வந்தால் 1990ஐ அழைக்க வழியில்லை.

வீடுகள் தனியே செய்ய முடியாதவற்றைப் பள்ளிவாசல்களும் பங்குகளும் கோயில் பரிபாலன சபைகளும் செய்ய முடியும். ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே ஒரு ஜும்ஆவுக்குப் பின், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் உதவியோடு சீனியும் பிரஷரும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். நோன்பை விட அனுமதி உள்ளவர் யார் என்பதை இமாமும் வைத்தியரும் ஒரே மேடையில் இருந்து சொன்னால், நம் பெரியவர்கள் கேட்பார்கள். வைத்தியர் மட்டும் சொன்னால் கேட்பவர் குறைவு. தலவில் வளவில் தங்கும் யாத்திரிகர்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த குளிசைகளின் பெயரைச் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு கொட்டில் திருவிழா நாள் முழுவதும் திறந்திருக்கலாம். முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் விரதமிருப்போருக்கு அதுவே பொருந்தும்.

இதற்கு அவசரம் உண்டு. ரமழான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வருவதால் 2030இல் இரண்டு ரமழான்கள் வரும்: ஜனவரி தொடக்கத்தில் ஒன்று, நத்தாருக்கு மறுநாளை ஒட்டி இன்னொன்று. கடைசியாக 1998 முதல் 2000 வரை நத்தார் நோன்புக்குள் விழுந்தது. அன்று நாற்பது வயதில் இருந்தவர்கள் 2030இல் எழுபதை எட்டியோ தாண்டியோ இருப்பார்கள். அந்த டிசெம்பரில் புத்தளத்துப் பேக்கரியும் தையற்கடையும் ஓய்வறியாது. கற்பிட்டியில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் சஹருக்கும் அடுத்த வீட்டில் பலகாரத்துக்கும் அடுப்பு எரியும். வைத்தியசாலைகளில் விடுமுறை ஆளணியே இருக்கும். அதற்குள் ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசலும் பங்கும் கோயிலும் சேர்ந்து, தனியே வாழும் முதியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றையும், அவர்களின் மருந்து முடியும் திகதியையும், பெருநாள் இரவில் அவர்களை எட்டிப் பார்க்கப் பொறுப்பேற்கும் இளைஞர்களின் தொலைபேசி இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிடலாம். அந்தக் கொப்பியை இந்த ஆண்டிலேயே தொடங்குங்கள் என்று இங்கு வந்திருக்கும் பரிபாலன சபையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.